பிளெக்ஸ் பிரிண்டரில் இங்க் கணக்கும் பராமரிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளெக்ஸ், வினைல் அடிக்கும் கடைகளில் மெஷின் வாங்கும்போது ஹெட் (இங்க்கைத் துளியாகத் தெளிக்கும் பகுதி), வேகம், விலை என்று எல்லாவற்றையும் விசாரிப்போம். இங்க் பற்றி மட்டும் "லிட்டர் என்ன விலை?" என்ற ஒரு கேள்வியோடு முடித்துவிடுவோம். ஆனால் மாதாமாதம் பணம் கரைவது அங்கேதான். ஹெட் கெடுவதற்கான காரணங்களில் பாதியும் இங்க் பாதையில்தான் கிடைக்கும். புதிதாகக் கடை போட்டவர்களும் ஆப்பரேட்டர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு லிட்டர் இங்க்கில் எத்தனை சதுர அடி ஓடும்?

ஒரே பதில் கிடையாது. என்ன படம், எந்த ஹெட், எத்தனை டிபிஐ (ஒரு அங்குலத்தில் விழும் புள்ளிகள்) என்பதைப் பொறுத்து மாறும். ஆனால் கணக்குப் போட முடியும். ஒருமுறை போட்டுப் பார்த்தால் பிறகு டீலர் சொல்லும் எண்ணை நம்பி இருக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் பரவலாக ஓடும் கோனிகா 512ஐ ஹெட்டை எடுத்துக்கொள்வோம். 30 பிகோலிட்டர் வகை, அதாவது ஒரு துளி அந்த அளவு (ஒரு மைக்ரோலிட்டரில் பத்து லட்சம் பிகோலிட்டர்). 360க்கு 720 டிபிஐயில் அடித்தால் ஒரு சதுர அங்குலத்தில் 2,59,200 புள்ளிகள். எல்லாப் புள்ளியிலும் ஒரு நிறம் விழுந்தால் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 7.8 மைக்ரோலிட்டர். சதுர அடிக்கு 144 சதுர அங்குலம், பெருக்கினால் 1.12 மில்லி. இது ஒரு நிறம் 100 சதவீதம் விழும்போது, ரிப்பில் (படத்தைத் துளிகளாக மாற்றி மெஷினுக்கு அனுப்பும் சாஃப்ட்வேர்) எந்த இங்க் லிமிட்டும், அதாவது இங்க் உச்சவரம்பும், வைக்காதபோது வரும் அளவு.

இதை 10க்கு 20 பேனரில் வைத்துப் பாருங்கள். 200 சதுர அடி. பின்னணி முழுக்க ஒரே மஞ்சள் என்றால் 224 மில்லி. அதுவே முழுச் சிவப்பு என்றால் மெஜந்தா, மஞ்சள் இரண்டும் 100. ஆக 448 மில்லி, கிட்டத்தட்ட அரை லிட்டர். வெளிர் பின்னணியில் ஒரு ஆள் படமும் நாலு வரி எழுத்தும் உள்ள திறப்பு விழா பேனர் என்றால் நான்கு நிறமும் (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) சேர்ந்தே சராசரி 80 சதவீதம்தான் வரலாம். அப்போது 180 மில்லி போதும். மூன்றுக்கும் ஒரே சதுர அடி ரேட் வாங்குகிறோம் என்பதை நினைவில் வையுங்கள்.

நடைமுறையில் ரிப் லிமிட் இதைக் குறைக்கும், கிளீனிங் கூட்டும். தோராயமாக, கலப்பான வேலைகள் வரும் கடையில் சதுர அடிக்கு ஒரு மில்லியிலிருந்து ஒன்றரை மில்லிக்குள் நின்றால் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டைத் தாண்டினால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது யாரோ தேவையில்லாமல் பர்ஜ் அடிக்கிறார்கள், அதாவது ஹெட்டைச் சுத்தம் செய்ய இங்க்கைத் தள்ளி வெளியேற்றுகிறார்கள்.

ரிப் சாஃப்ட்வேர் காட்டும் இங்க் அளவும் கேனில் குறையும் அளவும் ஏன் ஒத்துவருவதில்லை?

ரிப் எண்ணுவது பேனரில் விழும் துளிகளை மட்டும். காலையில் பர்ஜ், நடுவில் ஒரு நாசில் (ஹெட்டில் துளி வரும் நுண்துளை) அடைத்தால் இன்னொரு கிளீனிங், ஹெட் ஓரத்துக்குப் போகும்போது உலராமல் இருக்கத் துப்புவது, டேம்பர் (ஹெட்டுக்கு முன்னால் உள்ள சிறு இங்க் அறை) மாற்றும்போது கொட்டுவது, இவை எதுவும் அதில் வராது. துளி அளவும் வெப்பநிலையோடு மாறும். இங்க் சூடானால் இளகும், துளி கொஞ்சம் பெருக்கும். அதனால் இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பது தவறல்ல. கவனிக்க வேண்டியது அந்த வித்தியாசம் மாதத்துக்கு மாதம் ஏறுகிறதா என்பதைத்தான். ஏறினால் ஹெட்டை மூடும் கேப்பிங் ரப்பர் தேய்ந்து கிளீனிங் பலிக்காமல் ஆப்பரேட்டர் மூன்று நான்கு தடவை அடிக்கிறார் என்று பெரும்பாலும் தெரியவரும். சில நூறு ரூபாய் ரப்பர் லிட்டர் கணக்கில் இங்க்கைக் குடித்துக்கொண்டிருக்கும்.

தினமும் என்ன எழுதிவைக்க வேண்டும்?

நான்கு நிறத்துக்கு நான்கு எண், அப்புறம் அன்று அடித்த சதுர அடி. அவ்வளவுதான்.

கேனைத் தூக்கிப் பார்த்து "பாதி இருக்கு" என்று சொல்வது கணக்கு ஆகாது. 10 கிலோ வரை காட்டும் சாதாரண டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி வையுங்கள். மெயின் டேங்கில் ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் கேனை எடை போட்டு, நிறம், தேதி, எத்தனை கிராம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கிராமை மில்லியாக்கத்தான் வேண்டும் என்றால், முழு ஒரு லிட்டர் பாட்டிலை எடை போட்டு, காலியான பிறகு அதே பாட்டிலை எடை போட்டால் ஒரு லிட்டர் எத்தனை கிராம் என்பது கிடைத்துவிடும். கிராமிலேயே கணக்கு ஓட்டினாலும் ஒரு குறையும் இல்லை.

வாரக் கடைசியில் மொத்தக் கிராமை மொத்தச் சதுர அடியால் வகுங்கள். இந்த ஒரு எண் உங்கள் கடையின் காய்ச்சல் கருவி மாதிரி. திடீரென்று ஏறினால் காரணம் தேட வேண்டும். மெயின் டேங்கில் வெளியே மார்க்கரால் கோடு போட்டு, இரவு மூடும்போது மட்டம் குறித்துவைப்பதும் நல்லது. காலையில் மெஷின் ஓடாமலே மட்டம் இறங்கியிருந்தால் டியூபிலோ ஃபிட்டிங்கிலோ கசிவு இருக்கிறது.

எவ்வளவு ஸ்டாக் வைத்துக்கொள்வது?

அதிகமாக வைத்தால் பணம் முடங்கும், எக்ஸ்பைரியும் நெருங்கும். குறைவாக வைத்தால் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மெஜந்தா தீரும்.

ஒரு நிறம் ஒரு நாளைக்கு எவ்வளவு போகிறது, ஆர்டர் போட்டு எத்தனை நாளில் வரும், இந்த இரண்டையும் பெருக்கி, அதை இரட்டிப்பாக்கினால் வருவது உங்கள் குறைந்தபட்ச இருப்பு. மெஜந்தா நாளைக்கு 600 மில்லி, சரக்கு வர நான்கு நாள் என்றால் 2.4 லிட்டர், இரட்டித்தால் ஏறத்தாழ ஐந்து லிட்டர், அதாவது ஒரு கேன். ஆகவே கடைசிக் கேனின் மூடியைத் திறக்கும் அன்றே ஆர்டர் போய்விட வேண்டும். டேங்கில் ஊற்றியது தீரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நான்கு நிறத்தையும் சம அளவில் வாங்கும் பழக்கத்தை விடுங்கள். ஆடி மாதம் அம்மன் கோயில் பேனர்கள் குவியும்போது மஞ்சளும் மெஜந்தாவும் ஓடும், சயான் அப்படியே நிற்கும். தேர்தல் நேரத்தில் உங்கள் ஊரில் எந்தக் கட்சிக்காரர்கள் உங்களிடம் வருகிறார்கள் என்பதே எந்த இங்க் முதலில் தீரும் என்பதை முடிவு செய்துவிடும். தீபாவளிக்கு முன் ஜவுளிக்கடை தள்ளுபடி போர்டுகள், ஜூன் வரை பள்ளி அட்மிஷன் பேனர்கள், தையில் கல்யாணம் என்று ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு நிறச்சாய்வு உண்டு. போன வருட நோட்டு இருந்தால் இந்த வருடம் ஊகம் தேவைப்படாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே விற்கும் இங்க்கில் கணிசமான பங்கு சீனாவிலிருந்து வருவது. அங்கே புத்தாண்டு விடுமுறை ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். தொழிற்சாலையும் கப்பலும் சுணங்கும். நம் தை, மாசி முகூர்த்த சீசன் சரியாக அந்த நேரம். டீலரிடம் சரக்கு இல்லை என்ற பதிலும் பழக்கமில்லாத வேறு பிராண்டைத் தலையில் கட்டும் வேலையும் அப்போதுதான் அதிகம். மார்கழியிலேயே தைக்கு வேண்டியதை வாங்கி வைத்துவிடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது சப் டேங்க் காலியாகிவிட்டது. என்ன செய்வது?

உடனே பிரிண்டை நிறுத்துங்கள். மெயின் டேங்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருந்து ஹெட்டுக்கு இங்க் தரும் சிறு டேங்க்தான் சப் டேங்க். இங்க் இல்லாமல் ஹெட்டைச் சுட விடுவது அதன் ஆயுளைத் தின்னும். கோனிகா மாதிரியான பீசோ ஹெட்டில் (மின் துடிப்பில் அசையும் பாகம் துளியைத் தள்ளும் வகை) உள்ளே இருக்கும் இங்க்தான் துளியைத் தள்ளும் அழுத்தத்தைக் கடத்துகிறது. காற்றுப் புகுந்துவிட்டால் காற்று அமுங்குமே தவிர துளி வெளியே வராது. நாசில் செக்கில் (எல்லா நாசிலும் துளி விடுகிறதா என்று அடித்துப் பார்க்கும் சோதனை) ஒரு வரிசையே காணாமல் போவது இதனால்தான். அடைப்பு என்று நினைத்து ஃபிளஷ் (கழுவும் திரவம்) அடித்துக்கொண்டே இருந்தால் சரியாகாது.

மெயின் டேங்கை நிரப்பி, பம்ப் சப் டேங்கை நிரப்பும்வரை பொறுங்கள். டியூபில் குமிழி தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அந்த நிறத்துக்கு மட்டும் மெதுவாகப் பர்ஜ் கொடுத்து, கொஞ்ச நேரம் சும்மா விட்டு, மறுபடி நாசில் செக் எடுங்கள். குமிழி மேலேற நேரம் கொடுத்தால் பாதி நாசில் தானாகத் திரும்பும். எப்சன் ஹெட் மெஷின் என்றால் டேம்பருக்குள் காற்று நின்றிருக்கும். சிரிஞ்ச் வைத்து டேம்பர் வழியாக இழுத்து எடுப்பது நல்லது. அவசரத்தில் ஹெட்டுக்கு நேராக அழுத்தித் தள்ளாதீர்கள்.

சப் டேங்கில் இங்க் வழிகிறது, அல்லது பம்ப் நிற்காமல் ஓடுகிறது. ஏன்?

ஃபுளோட் சென்சார். மட்டம் ஏறினால் மிதவை மேலே போய் பம்ப்பை நிறுத்த வேண்டும். அதன் தண்டில் காய்ந்த இங்க் ஒட்டிவிட்டால் மிதவை கீழேயே மாட்டிக்கொள்ளும். மெஷின் டேங்க் காலி என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருக்கும். கழற்றி அதே இங்க்குக்குரிய கிளீனிங் சொல்யூஷனில் கழுவிப் போடுங்கள். மேலேயே மாட்டிக்கொண்டால் எதிர்மாறாக, டேங்க் வற்றும்.

அந்த வழியில் உள்ள ஃபில்டரையும் அப்போதே பாருங்கள். ஃபில்டர் அடைத்தால் பம்ப் ஓடும், இங்க் வராது. சிறு வேலையில் தெரியாது. பெரிய முழு நிறப் பேனரில் பாதி தூரம் போனதும் நிறம் மங்கும். இங்க் தரமில்லை என்று குழம்ப வேண்டாம்.

கரண்ட் போனால் ஹெட்டிலிருந்து இங்க் சொட்டுகிறதே?

ஹெட்டின் வாயில் இங்க் சொட்டாமல் உள்வளைந்து நிற்பதற்கு ஒரு சிறு எதிர் அழுத்தம் தேவை. பல மெஷின்களில் அதை ஒரு வாக்குவம் பம்ப் தருகிறது. கரண்ட் போனதும் அது நிற்கும், இங்க் சொட்டும். மெஷின் முழுவதற்கும் யூபிஎஸ் வைக்க வசதியில்லை என்றால் அந்த நெகட்டிவ் பிரஷர் பகுதிக்கும் கன்ட்ரோல் போர்டுக்கும் மட்டுமாவது வையுங்கள். மழைக்காலத்தில் ஒரு மாதத்தில் சொட்டிப் போகும் இங்க்கைப் பார்த்தாலே செலவு நியாயமாகத் தெரியும்.

விலை குறைவான வேறு கம்பெனி இங்க் மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் கேனுக்கு மேலே கேனாக ஊற்றி மாற்றக் கூடாது.

முதலில் ஹெட்டுக்கு ஏற்றதா பாருங்கள். எப்சன் ஹெட்டுக்கான ஈகோ சால்வென்ட் நீர்த்து இருக்கும். கோனிகாவுக்கான சால்வென்ட் இங்க் சற்றுக் கெட்டி, கரைப்பானும் காரமானது. இரண்டும் மூக்குக்கு ஒரே மாதிரி இங்க் வாசனை அடிக்கலாம். கோனிகா இங்க்கை எப்சன் ஹெட்டில் ஊற்றினால் உள்ளே இருக்கும் பசையையே அரித்துவிடும்.

ஒரே வகை என்றாலும் இரண்டு கம்பெனியின் ரெசினும் மற்றக் கூட்டுப் பொருளும் ஒத்துப்போகாமல் போகலாம். ஒரு சிறிய கண்ணாடி பாட்டிலில் பழையதும் புதியதும் சம அளவு ஊற்றி, குலுக்கி, மூடி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தால், ஒத்துப்போகாத இங்க் கண்ணாடியில் மணல்மணலாக ஒட்டி இறங்கும், அல்லது அடியில் பாகுபோல் நிற்கும். அப்படி ஆனால் அது உங்கள் டியூபுக்குள்ளும் நடக்கும். சுத்தமாக இறங்கினாலும் முழு உத்தரவாதம் இல்லை. ஆகவே மாற்றும்போது பழைய இங்க்கை முழுக்க வடித்து, ஃபிளஷ் விட்டு, ஃபில்டரும் டேம்பரும் மாற்றி, பிறகே புதியதை ஏற்றுங்கள். நிறமும் மாறும், புதிய ஐசிசி புரொஃபைல் (நிறத்தைச் சரிசெய்ய ரிப்பில் போடும் கோப்பு) கேட்டு வாங்குங்கள்.

விலையைப் பற்றி என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். மலிவு இங்க்கின் நஷ்டம் முதலில் வெயிலில் தெரியும். மஞ்சளும் மெஜந்தாவும் வெளுத்து, சில மாதத்தில் பேனரில் உள்ள முகங்கள் நீலம் பூத்து நிற்கும். மூன்று நாள் காதுகுத்து பேனருக்கு அது பொருட்டில்லை. வருடக்கணக்கில் நிற்க வேண்டிய கடை போர்டுக்கு அதே இங்க்கை ஓட்டிவிட்டு "கேரண்டி" சொல்வது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநியாயம். போர்டு வேலை அதிகம் உள்ள கடை நல்ல இங்க்கிலேயே நிற்க வேண்டும்.

கார்ட்ரிட்ஜ் மெஷினில் பல்க் டேங்க் போடலாமா?

ரோலண்ட், மிமாக்கி போன்ற மெஷின்களில் 220, 440 மில்லி கார்ட்ரிட்ஜ், சிலவற்றில் 2 லிட்டர் பாட்டில் என்று வரும். மிமாக்கியில் ஒரு நிறத்துக்கு இரண்டு கார்ட்ரிட்ஜ் போட்டால், ஒன்று தீர்ந்ததும் மற்றது தானாக ஓடும் வசதி பல மாடல்களில் உண்டு. இரவில் ஆளில்லாமல் ஓட்டுபவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

வெளி டேங்க் போட்டால் லிட்டர் விலை குறையும். வாரண்டி போகும், அது முதல் விஷயம். இரண்டாவது, கார்ட்ரிட்ஜ் சிப் எண்ணுவது வெறும் எண். டேங்கில் உண்மையில் இங்க் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. டேங்க் வற்றினாலும் மெஷின் ஓடும். வாரண்டி முடிந்த மெஷின், தினமும் மட்டம் பார்க்கும் ஆப்பரேட்டர், இரண்டும் இருந்தால் போடுங்கள்.

இங்க் திக்காகிவிட்டது, தின்னர் கலக்கலாமா?

கூடாது. திக்கானது கரைப்பான் ஆவியானதால். நிறத்துகள் ஏற்கனவே கட்டத் தொடங்கியிருக்கும். மூடியை ஒழுங்காக மூடியிருந்தால் இந்தக் கேள்வியே வராது.

எக்ஸ்பைரி தாண்டிய இங்க்கை ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். நாள் பட்டால் நிறத்துகள் படிந்து ஹெட்டை அடைக்கும். ஒரு கேன் இங்க்கையும் ஒரு ஹெட்டின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாங்கிய தேதியைக் கேனில் பெரிதாக எழுதி, பழையதை முன்னால் வையுங்கள். தகரக் கூரைக்கு நேர் கீழே, ஜன்னல் வெயிலில் வைக்க வேண்டாம். யூவி இங்க் வெளிச்சம் பட்டாலே கெட்டியாகத் தொடங்கும். கறுப்புப் பாட்டிலிலிருந்து வெள்ளை பாட்டிலுக்கு மாற்றவே கூடாது.

வெள்ளை இங்க் மட்டும் ஏன் இத்தனை தொல்லை?

வெள்ளைக்கு நிறம் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. தண்ணீரைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு கனம், அதனால் அடியில் போய் உட்கார்ந்துவிடும். தினமும் பாட்டிலைக் குலுக்குவதும், சுழற்சிப் பம்ப் உள்ள மெஷினை இரவிலும் ஆஃப் செய்யாமல் விடுவதும்தான் வழி. வாரத்துக்கு ஒரு வெள்ளை வேலைகூட வராத கடைக்கு அந்த வரிசையில் கிளீனிங் சொல்யூஷன் நிரப்பி வைப்பதே லாபம்.

டிசைனர் இங்க்கை மிச்சப்படுத்த முடியுமா?

முடியும், ஆப்பரேட்டரைவிட அதிகமாகவே. கறுப்புப் பின்னணியைப் பாருங்கள். சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்று வைத்தால் மொத்தம் 240 சதவீதம். முன்பு பார்த்த 200 சதுர அடிப் பேனரில் அது 538 மில்லி. வெறும் கறுப்பு 100 என்றால் 224. பக்கத்தில் நின்று பார்க்கும் ஷோரூம் பேனருக்கு ஆழமான கறுப்பு வேண்டும். ரோட்டில் இருபதடி உயரத்தில் நிற்பதற்கு வேண்டாம். அதிக இங்க் விழுந்த பேனர் சீக்கிரம் காயாமல், சுருட்டும்போது ஒட்டிக்கொண்டு உரிவதும் உண்டு.

ரிப்பில் இங்க் லிமிட்டைக் குறைத்து மிச்சம் பிடிக்கலாமா என்றும் கேட்பார்கள். ஓரளவுக்கு. அந்தந்த ஷீட்டில் நிறப் பட்டைகள் உள்ள சார்ட் அடித்து, நிறம் ஏறுவது எங்கே நிற்கிறதோ அந்த இடத்தில் லிமிட் வையுங்கள். அதற்குக் கீழே போனால் வெளுத்த பேனர்தான் வரும், திரும்ப அடிக்க இரண்டு மடங்கு போகும்.

பொங்கல், தீபாவளிக்கு நாலு நாள் கடை மூடினால்?

ஒரு நாள் விட்டு ஒரு நாள் யாராவது வந்து நாசில் செக் எடுத்தால் போதும், அதுதான் மிகக் குறைந்த இங்க் செலவு. வர ஆளில்லை என்றால், கேப்பில் கிளீனிங் சொல்யூஷன் ஊற்றி ஹெட்டை மூடி வையுங்கள். கேப் இல்லாத பெரிய மெஷினில், சொல்யூஷனில் நனைத்த பஞ்சு போகாத துணியை ஹெட்டுக்கு அடியில் வைத்துக் கிளிங் ஃபிலிம் சுற்றலாம். இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் இங்க்கை வடித்து சொல்யூஷன் ஏற்றிவிடுங்கள்.

ஸ்டோர் ரூமில் தீ பயம் உண்டா?

உண்டு. பழைய வகை சால்வென்ட் இங்க்கில் உள்ள சைக்ளோஹெக்சனோன் 44 டிகிரி செல்சியஸில் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். மே மாதத் தகரக் கூரைக்குக் கீழே அந்த வெப்பம் எட்டாத தூரம் இல்லை. ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு பரவும். எக்ஸாஸ்ட் ஃபேனைக் கூரை அருகில் மட்டும் போட்டால் பயனில்லை, கீழேயும் ஒன்று வேண்டும். ஆப்பரேட்டரின் தலைவலிக்கும் அதுவே மருந்து. பவுடர் வகைத் தீயணைப்பான் கதவருகில் இருக்கட்டும். ஆயுத பூஜையன்று கற்பூரமும் சாம்பிராணியும் மெஷின் அறைக்கு வெளியே. மெஷினுக்குப் பூவும் பொட்டும் வைத்தால் போதும்.

வேஸ்ட் டேங்கில் சேரும் இங்க்கை எங்கே கொட்டுவது?

சாக்கடையில் கூடாது, பின்னால் உள்ள காலி மனையிலும் கூடாது. இங்க் பயன்பாட்டில் வரும் கழிவு 2016 ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் பட்டியலில் இருக்கிறது. மூடியுள்ள கேனில் சேர்த்து, வெளியே "வேஸ்ட்" என்று எழுதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள். சிறு கடைகள் நாலைந்து சேர்ந்து கொடுத்தால் செலவு பகிர்ந்துபோகும்; டீலரிடமும் கேளுங்கள். வேஸ்ட் இங்க்கை வடிகட்டிக் கறுப்பு டேங்கில் ஊற்றும் யோசனை சில இடங்களில் உலவுகிறது. அதில் தூசியும் பஞ்சும் சொல்யூஷனும் கலந்திருக்கும். உங்கள் ஹெட்டுக்குள் அதை விடாதீர்கள். கொடுப்பதற்கு முன் அந்தக் கேனையும் தராசில் வைத்து, எடையை நோட்டில் எழுதிவிடுங்கள். கிளீனிங்கில் மட்டும் எவ்வளவு போயிருக்கிறது என்பது அந்த வரியில் தெரியும்.